சரிகையும் மின்னிழையும்: அணியும் மின்னணுவியலின் முன்வரலாறு

முன்னுரை

உடலில் அணியும் மின்னணுக் கருவிகளுக்குத் துணியைத் தளமாகக் கொள்ளும் ஆய்வின் வரலாறு, பெரும்பாலும் 1990களின் அமெரிக்க ஆய்வகங்களிலிருந்தே எழுதப்படுகிறது. அங்குக் கையாளப்பட்ட இழையின் மரபு அதில் அரிதாகவே இடம்பெறுகிறது. இவ்விடுபடலைக் காஞ்சிபுரச் சரிகையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

சரிகையின் அமைப்பு

பட்டு இழையின்மீது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவதே அசல் சரிகை. சூரத்துச் சரிகையைச் சார்ந்திருந்த காஞ்சிபுரத்தில் 1971இல் மாநில அரசு சரிகை ஆலையைத் தோற்றுவித்தது. அழகுக்காகச் செய்யப்பட்ட இவ்விழை, இயற்பியல் நோக்கில் ஒரு மின்கடத்தி. பட்டு வலிமை தருகிறது. உலோகம் மின்சாரத்தைக் கடத்துகிறது.

ஆய்வகத்தில் பட்டு

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வில் பட்டு ஆர்கன்சா துணியில் மின்சுற்று அமைத்தனர். அதன் பாவு வெறும் பட்டு. ஊடை, மெல்லிய செப்புத் தகடு சுற்றிய பட்டு. ஊடை இழைகள் ஒன்றையொன்று தொடாமல் இணையாகச் செல்வதால் ஒவ்வொன்றும் தனிக் கம்பியாகப் பயன்பட்டது. இது சரிகையின் அமைப்பேயாகும். ஏறத்தாழ அதே காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சுந்தரேசன் ஜெயராமன், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் படைவீரரின் உடல்நிலையை அறியும் சட்டையை உருவாக்கினார்.

நெசவும் பின்னலும்

பின்னலாடை கண்ணிகளால் ஆனது. ஆதலின் இழுபட்டு உடலோடு ஒட்டிநிற்கும். மின்கடத்தும் இழையால் பின்னினால், துணி இழுபடும்போது கண்ணிகளின் தொடுகை மாறி மின்தடையும் மாறுகிறது. மூச்சையும் மூட்டசைவையும் இதனால் அளக்க முடிகிறது. ஆயின் சரிகையின் உலோகப்பட்டை கண்ணியின் கூர்வளைவைத் தாங்குவதரிது. எனவே வெள்ளி பூசிய நைலான் இழை பயன்படுத்தப்படுகிறது. காஞ்சிபுரத்துச் சரிகையைத் திருப்பூர்ப் பின்னல் எந்திரத்தில் அப்படியே ஏற்ற இயலாமைக்குக் காரணம் இதுவே.

முடிவுரை

காஞ்சிபுரத்தார் மின்னணுவியலை முன்பே அறிந்திருந்தனர் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அத்தகைய பெருமிதம் வரலாறாகாது. இழைமீது உலோகத்தைச் சுற்றும் கைத்திறன், இத்துறையின் தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு படிநிலை என்பதே வாதம். உலோகப்பூச்சுள்ள நெகிழிப் படலத்தாலான போலிச் சரிகை இன்று பரவிவருகிறது. பளபளப்பில் அது அசலை ஒத்திருப்பினும், பட்டின்மீது கம்பியைச் சுற்றும் அறிவு அதில் இல்லை. அவ்வறிவுடைய தொழிலாளரின் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுப்பது ஆய்வாளர்களின் உடனடிக் கடமையாகும்.