பல்கலைக்கழகங்களில் பல்சமய வழிபாட்டிடங்கள்

பல சமயத்து மாணவரும் ஆசிரியரும் தத்தம் முறைப்படி வழிபடுவதற்காகப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே அமைந்த கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம், பொதுப் பிரார்த்தனைக் கூடம் ஆகியவை. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகம் இதற்குத் தெற்காசியாவின் நல்ல எடுத்துக்காட்டு.

இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்கள் ஒரே திருச்சபைக்கு உரியவையாக இருந்தன. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆங்கிலிக்கன் அல்லாதோருக்கு இருந்த தடைகளில் பெரும்பாலானவை 1871ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே நீங்கின. அதற்கு முன்பே, 1826இல் லண்டனில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி சமயம் கேளாமல் மாணவரைச் சேர்த்து, கடவுளில்லாக் கல்லூரி என்ற வசையும் வாங்கிக்கொண்டது.

இந்தியாவில் நிறுவியவரின் சமயம் எதுவோ அதுவே வளாகத்தின் வழிபாடாயிற்று. அலிகரில் பள்ளிவாசல் எழுந்தது. சென்னை லயோலா கல்லூரியில் தேவாலயம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் விசுவநாதர் கோயிலுக்கு 1931இல் அடிக்கல் நாட்டினார்கள். பணி முடிய 1966 ஆயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யின் கதை வேறு. 1959இல் வளாகம் வருமுன்பே அந்தக் காட்டில் பீலியம்மன் இருந்தாள்.

விருப்பங்கள் மோதும்போது என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தா சிட்டி கல்லூரியே சான்று. பிரம்ம சமாஜத்தார் நடத்திய அக்கல்லூரியின் ராம்மோகன் ராய் விடுதியில், உருவ வழிபாட்டை ஏற்காத நிர்வாகத்தை மீறி, 1928இல் இந்து மாணவர்கள் சரசுவதி பூசை நடத்தினார்கள். தகராறு ஊர்ப் பிரச்சினையாக வளர்ந்தது. சுபாஷ் சந்திர போஸ் மாணவர் பக்கம் நின்றார். தாகூர் கல்லூரியின் பக்கம். மாணவர்கள் விலகிப் போனதால் வருவாய் குறைந்து ஆசிரியர் சிலர் வேலையிழந்தார்கள். கவிஞர் ஜீவனானந்த தாஸும் அவர்களில் ஒருவர். இரு தரப்புக்குமே நியாயம் இருந்த சண்டை இது.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் நிலையங்களில் சமயப் போதனை கூடாது என்றது. அரசு ஏற்பு அல்லது உதவி பெறும் நிலையங்களில் எவரையும் வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. வழிபட இடம் தருவதைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அதை விடுதிப் பல்கலைக்கழகமாக வளர்க்க விரும்பினார். 1950களின் தொடக்கத்தில் அது ஹந்தானை மலையடியில், மகாவலி ஓடும் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. மாணவர் வீட்டுக்குப் போய்வர முடியாத தொலைவில் விடுதியில் தங்கிப் படித்ததால் வழிபாட்டையும் வளாகத்துக்குள்ளேயே தேட வேண்டியதாயிற்று. இன்று பௌத்த விகாரை, பள்ளிவாசல், கிறித்தவ ஆலயம் ஆகியவற்றோடு, மேட்டு நிலத்தில் குறிஞ்சிக் குமரன் கோயிலும் உண்டு. இந்து மாணவர் சங்கத்தோடு பிணைந்த கோயில் இது. சங்கம் வெளியிடும் ஆண்டு மலர் 'இந்து தருமம்'. ஊர்க்கோயில்களுக்கு இருப்பது போன்ற பரம்பரை உபயகாரர் இங்கே கிடையாது. படிப்பு முடிந்து ஒரு தலைமுறை போக, அடுத்த தலைமுறை பொறுப்பேற்கிறது.

யாழ்ப்பாணத்தில் கோயில்தான் மூத்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அங்குள்ள திருநெல்வேலியில் 1921இல் நிறுவிய பரமேஸ்வரக் கல்லூரியின் நிலத்தில், அதன் சிவன் கோயிலோடு சேர்த்தே, 1974இல் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. அதன் முதல் தலைவர் மார்க்சிய விமர்சகர் க. கைலாசபதி என்பது சுவையான செய்தி.

அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 1955இல் யூதருக்கும் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டினருக்குமாக மூன்று ஆலயங்களை, ஒன்றின் நிழல் மற்றொன்றில் விழாதபடி, தனித்தனியே கட்டியது. பின்னாளில் ஒரே கூடத்தைப் பலரும் பகிரும் முறை பரவியது. கனடாவில், ஈழத்தமிழர் பெருகிய டொராண்டோவின் பல்கலைக்கழகத்தில் 2007இல் பல்சமய மையம் திறக்கப்பட்டது. இத்தகைய கூடங்களில் கால் கழுவத் தண்ணீர், தொழுகைக்கான கிப்லா திசைக் குறிப்பு, செருப்பு வைக்க இடம், புகையெச்சரிக்கைக் கருவியைக் கூவவிடாமல் சாம்பிராணி ஏற்ற வழி என்று சின்னச் சின்ன ஏற்பாடுகளே பெரிய வேலை.

தொழுகைக்கும் தியானத்துக்கும் செபத்துக்கும் பகிர்ந்த கூடம் போதும். பிரதிட்டை செய்த மூர்த்திக்குப் போதாது. விடுமுறையில் விடுதி காலியானாலும் நித்திய பூசை நிற்கக் கூடாது. மணி நேரக் கணக்கில் கூடத்தை ஒதுக்கித் தரும் அலுவலகத்தால் அதைச் செய்ய இயலாது. செலவு கூடினாலும் சமயத்துக்கொரு தனியிடம் என்ற பேராதனை முறை நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.