சைக்கிள் அவர்கள் ரத்தத்தில் ஊறியதா?



நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் மார்க் ருட்டே சைக்கிளில் அலுவலகம் போகும் படம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. கூடவே, "அது அவங்க ரத்தத்துலேயே ஊறினது சார், நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்று யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். வரலாறு நடத்திய வாய் சும்மா இருக்குமா? கொஞ்சம் நீளமான பதில்தான். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு டச்சுக்காரர்கள் நிறையவே சைக்கிள் ஓட்டினார்கள். அது உண்மை. ஆனால் 1950களில் கையில் பணம் புழங்கத் தொடங்கியதும் அங்கேயும் எல்லோருக்கும் கார் ஆசை வந்தது. சாலையை அகலப்படுத்துவதற்காகப் பழைய தெருக்களை இடித்தார்கள். ஊர்ச் சதுக்கங்கள் கார் நிறுத்தும் இடங்களாக மாறின. கார்களுக்கு வழிவிட ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களில் சிலவற்றைத் தூர்த்துவிடலாம் என்று 1954-இல் அந்நகரக் காவல்துறைத் தலைவரே யோசனை சொன்னார். நல்லவேளை, அது நடக்கவில்லை. சைக்கிளுக்கோ ஆண்டுக்கு ஆண்டு இறங்குமுகம்தான். "ரத்தத்தில் ஊறியது" இருபது ஆண்டுகளில் வற்றிப்போகுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1971 என்ற ஒரே ஆண்டில் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளரின் மகளும் அப்படித்தான், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் வழியில் இறந்தாள். 1972-இல் அவர் தாம் பணியாற்றிய நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்". விபத்து என்று சொல்லாமல் கொலை என்று சொன்னார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. அதன் முதல் தலைவர் மார்ட்யா வான் பூட்டன் என்ற இளம்பெண். பெற்றோர்கள் விபத்து நடந்த இடங்களில் கூடினார்கள். தெருக்களில் கார்களைத் தடுத்துப் பிள்ளைகளை விளையாடவிட்டார்கள். பிரதமர் வீட்டு வாசலுக்கே போய்ப் பாட்டுப் பாடிக் கோரிக்கை வைத்தார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அரசு கார் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை அறிவித்தது. கார் ஓடாத தெரு எப்படியிருக்கும் என்பதை நாடே கண்ணால் பார்த்துவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. போராடியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் முயற்சியாக 1970களின் நடுவில் தி ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் அரசு செலவில் ஆளுக்கொரு நல்ல சைக்கிள் பாதை போட்டார்கள். பாதை அருமை. ஆனால் நகர் முழுதும் சைக்கிள் ஓட்டுவோர் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி கூடவில்லை. காரணம் எளியது. வீட்டிலிருந்து அந்தப் பாதைக்கு வருவதற்கும், பாதை முடிந்த இடத்திலிருந்து பள்ளிக்குப் போவதற்கும் பழைய ஆபத்தான சாலைதானே இருந்தது? பாதி ஆற்றுக்குப் பாலம் கட்டினால் யார் அக்கரை சேர்வார்கள்?

டெல்ஃப்ட் நகரம் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டது. 1980களில் அங்கே ஒற்றைப் பாதையாக இல்லாமல் வலைப்பின்னலாகத் திட்டமிட்டார்கள். தெருவுக்குள் சின்னப் பாதை, பேட்டைகளுக்கு இடையே நடுத்தரப் பாதை, நகரைக் குறுக்கே கடக்கப் பெரிய பாதை. விட்டுப்போன இடங்களைச் சிறு பாலங்களாலும் சுரங்கப்பாதைகளாலும் இணைத்தார்கள். குடியிருப்புத் தெருவில் கார் நடைவேகத்தில்தான் போக வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கும் டெல்ஃப்ட்தான் முன்னோடி. 'வூனர்ஃப்' என்று பெயர். குடியிருப்பு முற்றம் என்று பொருள் சொல்லலாம். 1976-இல் அது சட்டத்திலும் இடம்பெற்றது.

க்ரோனிங்கன் நகரத்தின் கதை இன்னும் சுவையானது. மேக்ஸ் வான் டென் பெர்க் என்ற இளம் நகராட்சிப் பொறுப்பாளர் முன்னின்று நடத்திய திட்டம் 1977 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நகர மையத்தை நான்கு துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் கார் நேராகப் போக முடியாது. சுற்றுச்சாலைக்கு வெளியேறி, சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். சைக்கிளும் நடப்பவர்களும் நேராகப் போகலாம். ஒருவழிப் பலகைகளும் தடுப்புகளும்தான் பெரும்பாலான வேலை. கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று கடுமையாக எதிர்த்தார்கள். நகராட்சி பின்வாங்கவில்லை. இன்று அந்நகருக்குள் நடக்கும் பயணங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில் என்கிறார்கள். சைக்கிளில் போனால் சீக்கிரம் போகலாம் என்ற நிலையை உண்டாக்கினார்கள். மக்கள் தாமாகவே மாறினார்கள். யாரும் போதனை செய்யவில்லை.

இன்று நெதர்லாந்தில் மக்கள் தொகையைவிடச் சைக்கிள்களின் எண்ணிக்கை அதிகம். உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்கள் நிறுத்தலாம். 1971-ஐவிடக் கார்கள் பல மடங்கு பெருகியும், ஆண்டுச் சாலை மரணங்கள் அன்றைய எண்ணிக்கையில் கால் பங்குக்கும் குறைவு. இவையெல்லாம் ஐம்பது ஆண்டுகளாகத் தெருத்தெருவாக எடுத்த முடிவுகளின் பலன்.

இனி நம் பக்கம் வருவோம். நம் அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம். எத்தனையோ பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமல் இருக்க அது உதவியிருக்கிறது. ஆனால் அந்தச் சைக்கிள் போக வேண்டிய சாலையை யார் கொடுப்பது? சைக்கிள் பாதை என்று ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்டு, அதன்மேல் வண்டிகளை நிறுத்தவிட்டால் அது பாதை ஆகாது. வேகத்தைக் குறைக்கும் தெரு அமைப்பு, உடைபடாத இணைப்பு, பாதுகாப்பான சந்திப்பு இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பிள்ளை பயமில்லாமல் போய் வரும்.

உங்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், நகராட்சியில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள், கவுன்சிலர்கூட இருக்கிறார். அதைவிட, எல்லோரும் பெற்றோர்கள். ஒரு வேலை தருகிறேன். ஒருநாள் மாலை பள்ளி விடும் நேரத்தில் உங்கள் பகுதிப் பள்ளி வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். சைக்கிளில் வரும் பிள்ளைகள் எந்த இடத்தில் இறங்கித் தள்ளுகிறார்கள், எந்தத் திருப்பத்தில் தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை மனுவாக எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுங்கள். நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். மதிப்பெண் போடக் காத்திருக்கிறேன்.