உழைத்த உடலும் ஓய்வுப் பொழுதும்

பகலெல்லாம் உடல் வருந்த உழைத்தவர், இரவிலே மீண்டும் கைகால்களை வீசி ஆடுவது எதனால்? உடல்நலத்துக்கு ஏற்றது என்று மருத்துவர் கூறுவதனாலா? மாத்தளை மாவட்டத்துத் தோட்ட மக்களின் வரலாறு இவ்வினாவுக்கு வேறொரு விடை தருகின்றது.

19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடித் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தனர். 100 மைலுக்கு மேற்பட்ட அவ்வழியைக் கால்நடையாகவே கடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மடிந்தோர் பலர். எஞ்சியோர் காடு வெட்டினர். கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் வளர்த்தனர். அவர்களுக்கு உடலசைவு குறைவு என்று எவரும் கூற முடியாது.

ஆயினும் அவர்கள் ஆடினர். மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று காமன் நட்டு, பூரணை வரையிலே காமன் கூத்து நிகழ்த்துவது மலையகத் தோட்டங்களின் மரபு. தப்பு முழங்க, ஆடவரே ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் பூண்டு விடியும்வரை ஆடுவர். நேர்த்திக்கடன், ஊரார் கூட்டுறவு, ஆட்டத்தில் வல்லவன் எனப் பெறும் பெயர் ஆகியவையே அவர்களைத் தூண்டின. பகலிலே கங்காணியின் ஏவலுக்கு அசைந்த கால்கள், இரவிலே தம் விருப்பத்துக்கு அசைந்தன.

வேறு நாடுகளிலும் நலம் ஒன்றே நோக்கமாக இருந்ததில்லை. 1811இல் பெர்லின் நகர்ப்புறத்தே யான் என்னும் ஆசிரியர் திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்தது, நெப்போலியனுக்கு அடங்கிக் கிடந்த நாட்டின் இளைஞரை உரம்பெறச் செய்வதற்காகவே.

பெண்களுக்கும் ஆடும் ஆர்வம் இல்லாமலில்லை. கும்மியும் கோலாட்டமும் அவர்களுடையவை. குறைவாக இருந்தது பொழுதே. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்ணை அடுப்பும் தண்ணீர்க் குடமும் குழந்தையும் எதிர்கொண்டன. தோட்டங்களிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி 1984இலேதான் வந்தது. கூலியில் இருந்த வேற்றுமை அவ்வாண்டு நீங்கிற்று. ஓய்வில் உள்ள வேற்றுமை இன்னும் நீங்கியபாடில்லை.

இது மாத்தளைக்கு மட்டும் உரிய குறையன்று. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022இலே போதிய உடலசைவு இல்லாதிருந்தோர் வயதுவந்த ஆண்களில் 29 சதவீதம். பெண்களில் 34 சதவீதம். இவ்வேறுபாட்டைப் பெண்களின் சோம்பலாகக் கொள்வது பிழை.

உடற்பயிற்சியின் பயனை எடுத்துரைத்தல் நன்றே. ஆனால், கூடி ஆட ஒரு களமும், உடன் ஆடத் தோழமையும், தனக்கே உரிய ஒரு நாழிகையும் இருந்தால், களைத்த உடலும் தானே எழுந்து ஆடும். மாத்தளைத் தோட்டங்களிலே ஆடவர்க்கு மாசி நிலவில் வாய்த்த அந்த நாழிகை, அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கும் வாய்க்க வேண்டும். வீட்டுச்சுமையை ஆடவரும் பகிர்ந்துகொள்ளும் நாளிலேயே அது வாய்க்கும்.