மிடாவும் உறுதிமொழியும்

நெதர்லாந்து நாட்டின் தென்பகுதியில், தில்பர்க் நகருக்கு அருகே கோனிங்ஸ்ஹூவன் என்னும் துறவற மடம் ஒன்று உள்ளது. 'அரசரின் பண்ணைகள்' என்பது அப்பெயரின் பொருள். இங்கு வடிக்கப்படும் பீர் வகைகளுள் மிகவும் வலியதான ஒன்று, வடித்தவுடன் விற்பனைக்குச் செல்வதில்லை. அது ஓக் மர மிடாக்களில் ஊற்றப்பட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறது. சாதாரண பீரில் மதுச்சத்து ஏறத்தாழ 5 விழுக்காடு. இதிலோ 10 விழுக்காட்டையும் தொடுகிறது. மடத்துத் துறவியர் பீர் வடிப்பதா என்று நம்முள் பலர் புருவத்தை உயர்த்தக்கூடும். குடியினால் சீரழிந்த குடும்பங்களை அன்றாடம் காணும் நமக்கு அக்கேள்வி எழுவது இயல்பே. அக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டே அவ்வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு ஓர் ஒழுங்குநூலை எழுதி வைத்தார். துறவியர் பிறர் கையை எதிர்பாராமல் தம் கை உழைப்பால் வாழும்போதே உண்மைத் துறவியர் ஆகின்றனர் என்பது அதன் அடிப்படை எண்ணங்களுள் ஒன்று. பானத்தின் அளவைப் பற்றியும் அவர் ஓர் அதிகாரம் எழுதினார். திராட்சை இரசம் துறவியர்க்கு ஏற்றதன்று என்று படிக்கிறோம். ஆயினும் இக்காலத் துறவியரை அதற்கு இணங்கச் செய்ய இயலாது. எனவே நிறைவு வரும்வரை குடியாமல் அளவோடு குடிக்கவேனும் உடன்படுவோம் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. நாளொன்றுக்கு ஓர் 'ஏமினா' போதும் என்றார். அது கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை இருக்கலாம் என்பர். அதுவும் வேண்டாம் என்று விலகி நிற்கும் வரத்தை இறைவனிடம் பெற்றவர் தமக்குரிய தனிப் பரிசைப் பெறுவர் என்றும் சேர்த்துச் சொன்னார். மடத்துப் பொருள்களை விற்கும்போது பேராசை நுழையாதிருக்க, வெளியார் விற்பதினும் சற்றுக் குறைந்த விலைக்கே விற்கவேண்டும் என்பதும் அவர் விதித்த ஒழுங்கு.

திராட்சை நன்கு விளையாத வட ஐரோப்பாவில் வாற்கோதுமையே மண்ணின் கொடை. ஆகவே அங்குள்ள மடங்களில் பீர், அப்பத்துக்கு உடன்பிறப்பாயிற்று. ஏறத்தாழ 820-ஆம் ஆண்டில் வரையப்பட்ட புனித கால் மடத்தின் வரைபடம் இன்றும் உள்ளது. அதில் மூன்று வடிப்பறைகள் காணப்படுகின்றன. துறவியர்க்கு ஒன்று, மதிப்புமிகு விருந்தினர்க்கு ஒன்று, திருப்பயணிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒன்று. ஒவ்வொன்றும் அப்பம் சுடும் அறையை ஒட்டியே அமைந்துள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் புனித ஹில்டெகார்ட், ஹாப்ஸ் பூவின் கசப்புப் பானத்தைக் கெடாது காக்கும் என்று எழுதி வைத்தார். அந்த அம்மையாரையே 2012-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

பின்னர் 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் லா திராப் மடத்தில் மடத்தலைவர் தெ ரான்சே, தளர்ந்துபோன துறவு வாழ்வைச் சீர்திருத்தினார். மௌனம், உழைப்பு, எளிய உணவு ஆகியவற்றைக் கடைப்பிடித்த அவ்வழியினரே திராப்பிஸ்ட் துறவியர் எனப்பட்டனர். பிரெஞ்சுப் புரட்சி 1790-இல் துறவற சபைகளைக் கலைத்தபோது அவர்கள் அகதிகளாயினர். அந்த அலைச்சலின் பயனாகவே இன்றைய பெல்ஜியத்தில் வெஸ்ட்மால் மடம் 1794-இல் தோன்றியது. சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வரலாறு திரும்பியது. பிரான்சு அரசு 1880-இல் துறவற சபைகளுக்கு எதிராக ஆணைகள் பிறப்பித்தது. வெளியேற்றப்படலாம் என அஞ்சிய மோந்தெகா மடத்தினர், 1881-இல் நெதர்லாந்தில் ஆட்டுக்கொட்டில் ஒன்றைப் புகலிடமாக்கினர். அதுவே கோனிங்ஸ்ஹூவன். நிலம் வளமற்றது, உழவினால் மட்டும் மடத்தை நடத்த இயலவில்லை. எனவே 1884-இல் அவர்கள் வடிப்பாலை தொடங்கினர்.

அந்த 1884-ஆம் ஆண்டைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி மிடாவுக்கு வருவோம். வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து இனிப்பான சாற்றை எடுக்கின்றனர். அதனை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து ஆற்றியபின் ஈஸ்ட் சேர்த்தால், சாற்றின் இனிப்பு மதுச்சத்தாக மாறுகிறது. சாற்றில் இனிப்பு மிகுந்தால் பீரும் வலியதாகிறது. இம்மடத்தார் 1991-இல் அறிமுகப்படுத்திய 'குவாட்ருபெல்' அத்தகையது. 2010-ஐ ஒட்டி, அதனை ஓக் மிடாக்களில் முதிரவைக்கும் வழக்கம் தொடங்கிற்று. அம்மிடாக்களுள் சில முன்பு போர்ட் இரசத்தையும், சில விஸ்கியையும் தாங்கியவை. மரம் தான் குடித்ததை மறப்பதில்லை. உட்புறம் தீயில் வாட்டப்பட்ட பலகையிலிருந்து வனிலா மணமும் துவர்ப்பும் பீரில் மெல்ல இறங்குகின்றன. மரத்தின் நுண்துளைகள் வழியே சிறிதளவு காற்றும் நுழைந்து, கூர்மையான சுவைகளை மழுங்கச் செய்கிறது. இரு மிடாக்கள் ஒரே சுவையைத் தருவதில்லை. எனவே பல மிடாக்களின் பீரைக் கலந்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண் இடுகின்றனர்.

இதைச் சுவைப்போர் தாகத்துக்குக் குடிப்பதில்லை. பனிக்கட்டிபோல் குளிரச் செய்தால் மணம் அடங்கிவிடும் என்பதால், மிதமான குளிர்ச்சியில், அகன்ற வாயுள்ள கிண்ணத்தில் சிறிதளவே ஊற்றுகின்றனர். முதலில் முகர்கின்றனர். உலர்ந்த திராட்சை, காய்ச்சிய சர்க்கரை, மரம், சில தொகுதிகளில் மெல்லிய புகை ஆகியவற்றின் மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சிறு மிடறு ஒன்றை நாவில் நிறுத்திய பின்னரே விழுங்குகின்றனர். ஒரு கிண்ணம் ஒரு மாலைக்குப் போதும். பல மாதம் காத்திருந்ததை ஒரே மூச்சில் விழுங்குவது அவ்வுழைப்பை மதியாமை என அவர்கள் கருதுகின்றனர்.

ஆனால் மடத்துக்கு வந்த சோதனை சுவையில் வரவில்லை. தொழில் பெருத்தபோது வந்தது. திராப்பிஸ்ட் மடங்கள் 1997-இல் ஒரு கூட்டமைப்பை நிறுவி, உண்மைத் தன்மைக்கு ஒரு முத்திரையை ஏற்படுத்தின. மடத்தின் எல்லைக்குள் வடிக்கவேண்டும். துறவியரின் மேற்பார்வை வேண்டும். வருவாய் மடத்தின் தேவைக்கும் பிறரன்புப் பணிக்கும் செல்லவேண்டும் என்பவை அதன் விதிகள். முதுமையாலும் ஆட்குறைவாலும் வருந்திய கோனிங்ஸ்ஹூவன் மடம் ஒரு பெரிய பீர் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதனால் 1999-இல் அம்முத்திரையை இழந்தது. நீண்ட பேச்சுகளுக்குப் பின், துறவியரின் பங்கு உறுதிசெய்யப்பட்டதும், 2005-இல் அதனைத் திரும்பப் பெற்றது. அதே 2005-இல் பெல்ஜியத்தின் வெஸ்ட்விளேட்டரென் மடத்துப் பீர், இணைய வாக்கெடுப்பொன்றில் உலகின் முதன்மையானது எனப் பெயர் பெற்றது. வண்டிகள் மடத்து வாயிலில் வரிசையாக நின்றன. துறவியரோ ஒரு மிடாவும் கூட்டவில்லை. வாழ்வதற்காக வடிக்கிறோம், வடிப்பதற்காக வாழவில்லை என்பதே அவர்கள் நிலை. சந்தை முழுவதும் 'இன்னும், இன்னும்' என்று கூவும் காலத்தில் 'போதும்' என்னும் சொல்லைச் சொல்ல அவர்களுக்குத் துணிவு இருந்தது.

இப்போது அந்த 1884-க்குத் திரும்புவோம். கோனிங்ஸ்ஹூவனில் முதல் கொப்பரை கொதித்த அதே ஆண்டில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் 28 வயதுத் தொழிலாளி ஒருவர் மதுக்கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் பெயர் மாட் டால்பட். பன்னிரண்டு வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர், அங்கேயே குடிக்கக் கற்றுக்கொண்டார். கூலி முழுவதும் குடியிலேயே கரைந்தது. அன்று கையில் காசில்லை. தாம் முன்பு வாங்கிக் கொடுத்த நண்பர்களில் ஒருவரேனும் உள்ளே அழைப்பார் எனக் காத்திருந்தார். எவரும் அழைக்கவில்லை. வீடு திரும்பிய அவர், குடிக்கமாட்டேன் என உறுதிமொழி எடுக்கப் போவதாகத் தாயிடம் கூறினார். முதலில் மூன்று மாதங்களுக்கே உறுதிமொழி எடுத்தார். பின்பு அதனை வாழ்நாள் முழுமைக்கும் ஆக்கினார். அன்றாடத் திருப்பலியும் செபமும் உடலுழைப்பும் அவரைத் தாங்கின. 1925-இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவிலேயே உயிர் நீத்தார். 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

ஒரே திருச்சபை, ஒரே ஆண்டு. ஓரிடத்தில் துறவியர் பீர் வடிக்கத் தொடங்குகின்றனர். இன்னோரிடத்தில் ஒரு தொழிலாளி கிண்ணத்தைக் கீழே வைக்கிறார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இருவரும் ஆசைக்கு எல்லை வகுத்தவர்களே. துறவியர் வகுத்த எல்லை அளவு; டால்பட் வகுத்த எல்லை முழு விலக்கு. குடிநோய்க்கு ஆளானவர்க்கு அளவு என்பதே கிடையாது. முதல் மிடறே அவரை வீழ்த்தும். கானாவூர்த் திருமணத்தில் இரசம் குறைவுபட விடாத அதே ஆண்டவரின் திருத்தூதர்தாம், உடன்பிறப்புக்கு இடறலாகுமெனில் இரசத்தையும் தவிர்ப்பது நன்று என உரோமையர்க்கு எழுதினார்.

நம் மண்ணில் இச்சொல் இன்னும் அழுத்தமாக ஒலிக்கிறது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிய தமிழ் மாநிலத்தில், 2003 முதல் அரசே மதுவைச் சில்லறையாக விற்கிறது. இங்கே குடி, சுவைப்பதற்காக அன்று, மறப்பதற்காக. காத்திருந்து முதிர்ந்த மிடாவுக்கும், கடைவாசலிலேயே ஒரே மூச்சில் காலியாகும் புட்டிக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. எனவே துறவியரின் கிண்ணத்தைக் காட்டி நம் குடியை நியாயப்படுத்த இயலாது. இம்மண்ணில் நம்மில் பலருக்கு டால்பட்டின் வழியே அன்பின் வழி.

ஆயினும் மிடா நமக்கும் ஒன்றைக் கற்பிக்கிறது. நல்லவை மெல்லவே முதிர்கின்றன. மரம் தான் தாங்கியதைத் தன்பால் வருவதற்கெல்லாம் ஈகிறது. நம் இல்லங்களும் அத்தகைய மிடாக்களே. அவற்றுள் இன்று எதை ஊற்றி வைக்கிறோமோ, அதன் மணமே நாளை நம் பிள்ளைகளில் வீசும்.