எழுத்து தெரியும், சொல் தெரியாது!

ஆங்கிலத்தில் ஸ்கிராபிள் விளையாடுபவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. கையில் கியூ எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பத்து பாயிண்ட், ஆனால் சொல்தான் கிடைக்காது. சாதாரண டிக்ஷனரியும் உதவாது. அது சொல்லைத் தெரிந்துகொண்டு பொருளைத் தேடுபவருக்கானது. இவருக்கோ எழுத்து தெரியும், சொல் தெரியாது. இவர்களுக்காகவே எழுத்தைக் கொடுத்தால் சொல்லைத் தரும் இணையதளங்கள் வந்துவிட்டன.

இது கம்ப்யூட்டர் காலத்துத் தேவை என்று நினைக்கிறீர்களா? நம் புலவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது.

செய்யுளில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. முதல் எழுத்து அளவிலும் ஒத்திருக்க வேண்டும். ஓர் அடி 'மாடம்' என்று தொடங்கினால் அடுத்த அடிக்குக் கூடம், ஓடம், பாடம் எல்லாம் பொருந்தும். 'படம்' பொருந்தாது, முதல் எழுத்து குறில். ஆக, புலவர் தேடியது முதலில் நெடிலும் இரண்டாவதாக 'ட'வும் உள்ள சொல்!

மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, பல பொருள் தரும் சொற்களைக் ககர எதுகை, ஙகர எதுகை என இரண்டாம் எழுத்து வரிசையில் சொல்கிறது. சிதம்பரம் ரேவண சித்தர் 1594-ல் செய்த அகராதி நிகண்டு, முதல் எழுத்து வரிசையில் போகிறது. இரண்டுமே செய்யுள் நூல்கள். மனப்பாடம் செய்தவருக்குத்தான் முழுப் பயன்.

இதை மாற்றியவர் இத்தாலியில் 1680-ல் பிறந்து, 1710-ல் இந்தியா வந்த வீரமாமுனிவர். அவர் பல ஆண்டுகள் வாழ்ந்து, மாதா கோயில் கட்டிய ஊர் கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஏலாக்குறிச்சி. அரியலூர் 2007-ல் தனி மாவட்டமாகப் பிரியும் முன்பு, அந்த ஊரும் வேப்பந்தட்டையும் ஒரே பெரம்பலூர் மாவட்டத்தில்தான் இருந்தன.

1732-ல் அவர் முடித்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள். நான்காவதான தொடை அகராதி, எதுகைக்கு ஒத்துவரும் சொற்களைத் திரட்டித் தருகிறது. பொருள் தெரிய வேண்டியவருக்கு ஒரு கதவு, எழுத்து மட்டும் தெரிந்தவருக்கு வேறு கதவு!

ஆங்கிலத்திலும் பீட்டர் லெவின்ஸ் 1570-லும், ஜான் வாக்கர் 1775-லும் சொல்லின் கடைசி எழுத்துகளை வைத்து அகராதி அடுக்கினார்கள். அவர்கள் பாட்டில் ஓசை அடியின் முடிவில் ஒத்துவரும், நமக்கோ தொடக்கத்தில். புலவன் எங்கே தேடுகிறானோ அங்கேதான் அகராதியும் அடுக்கப்படுகிறது.

இன்று தமிழில் ஒரு சொல்தேடி செய்ய நினைப்பவருக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. 'படி' நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் அது மூன்று துண்டு: ப, ட, இகரக் கொக்கி. எழுத்து என்றால் எது என்பதை முதலில் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். அதன் பிறகு சொற்பட்டியல் வேண்டுமே என்று யோசிப்பவர்கள் தொடை அகராதியைப் புரட்டலாம். ஒரு நல்ல தொடக்கம் அங்கே தயாராக இருக்கிறது.