வசூல் கணக்கும் வரலாற்றுக் கணக்கும்



அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவில் ஒரு சினிமா இயக்குநரைப் பற்றிப் பேச வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பேசத்தான் வேண்டும் என்று நினைக்கிறோம். 1907இல் பண்டிதர் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', 1914இல் அவர் மறைந்த பின் தள்ளாடி நின்றுபோனது. பின்னாளில் அது மீண்டும் வெளிவந்தது கோலார் தங்கவயலிலிருந்து. அவருடைய நூல்களை அச்சிட்டுக் காத்தது அங்குள்ள மாரிக்குப்பம் சித்தார்த்த புத்தகசாலை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வடக்கே, மாநில எல்லைக்கு அப்பால் இருக்கிற ஊர் அது. சுரங்கத்துக்குள் இறங்கிய உழைப்பாளிகளின் ஊர் ஒரு பத்திரிகைக்கு மறுவாழ்வு கொடுத்தது. நம் வரலாற்றில் விழுவதும் எழுவதும் இப்படித்தான் நடந்திருக்கிறது. தனி ஆளாக யாரும் எழுந்ததில்லை.

இந்தக் கண்ணோடு பா. ரஞ்சித்தின் பயணத்தைப் பார்ப்போம். 1982இல் ஆவடிப் பக்கம் பிறந்தவர். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தார். வெங்கட் பிரபுவிடம் உதவி இயக்குநராக இருந்தார். 2012இல் 'அட்டகத்தி' வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 2014இல் 'மெட்ராஸ்'. ஒரு சுவர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை வடசென்னையின் அரசியலாக்கிய படம். 2016இல் 'கபாலி', 2018இல் 'காலா'. இரண்டிலும் ரஜினிகாந்த்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டம் வந்தால் அது நட்சத்திரத்தின் வெற்றி. குறை கண்டால் அது ரஞ்சித்தின் அரசியல் செய்த கோளாறு. மற்ற இயக்குநரின் படம் ஓடாவிட்டால் அந்தப் படம் மட்டும்தான் ஓடவில்லை. இவர் படம் ஓடாவிட்டால் "இந்த மாதிரிப் படமே இனி எடுபடாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சேரியிலிருந்து ஒருவன் பரீட்சையில் தவறினால் ஊரே இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுமே, அதே கணக்கு.

'காலா' தாராவி மக்களின் நில உரிமையைப் பேசிய படம். காவிரி பற்றி ரஜினிகாந்த் சொன்ன கருத்துக்காக அதை வெளியிட மாட்டோம் என்றது கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை. விவகாரம் உயர்நீதிமன்றம் போய், திரையரங்குகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க உத்தரவானது. ஓசூரில் குடியிருந்து அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. வேலைக்கு எல்லை கிடையாது. கோபம் வந்தால் மட்டும் எல்லை முளைத்துவிடும்.

'காலா'வுக்குப் பிறகு மூன்றாண்டு அவர் இயக்கிய முழுநீளப் படம் எதுவும் வரவில்லை. 2019இல் ஒரு நினைவுநாள் கூட்டத்தில் ராஜராஜ சோழன் காலத்து நிலப்பறிப்பைப் பற்றிப் பேசியதற்காக வழக்கும் வந்தது. வசூல் கணக்கில் இது இறக்கம். ஆனால் அவருடைய நீலம் தயாரிப்பில் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது 2018இல்தான். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியதும் அதே ஆண்டு. நீலம் பதிப்பகமும் மாத இதழும் பின்னால் வந்தன. 2021இல் 'சார்பட்டா பரம்பரை' கொரோனாவால் திரையரங்கைக் காணாமலே வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. தான் இறங்கியிருந்த காலத்தில் பிறருக்கு ஏணி பிடித்தவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

2018 நவம்பரில் ஓசூர் பக்கத்துக் கிராமத்தில் சாதி மறுத்து மணந்த இளம் இணையரைக் கொன்று காவிரியில் வீசினார்கள். உடல்கள் கிடைத்தது கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில். 2022இல் வந்த 'நட்சத்திரம் நகர்கிறது' நம் ஊர்க் கதையல்ல. ஆனால் ஆணவக்கொலையை நாடகமாக்க முயலும் ஒரு குழுவைக் காட்டிய அந்தப் படத்தை நாம் வெறும் படமாகப் பார்க்க முடியவில்லை. அதற்குத் திரையரங்கில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணியவர்கள், அந்த ஊர்வலத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணவில்லை.

2024இல் 'தங்கலான்'. வடஆர்க்காட்டிலிருந்து தங்கம் தேடிப் போன நம் மூதாதையரைத் தொன்மமும் வரலாறும் கலந்து சொன்ன படம். கலந்த விதத்தில் நமக்கும் விமர்சனம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை; நம் வரலாறு முழுவதையும் ஒரே ஆள் மூன்று மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று நாமும் எதிர்பார்ப்பதுதான் தவறு. வர்த்தக உலகம் அவர் தலையில் வைத்த பாரத்தின் மேல் நாமும் ஒரு மூட்டையை ஏற்றியிருக்கிறோம்.

அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அங்கே தங்கம் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். நம் பிள்ளைகள் ஓசூரில் பஸ் ஏறுகிறார்கள். இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையே உள்ள உறவை எழுத வேண்டியது ரஞ்சித் மட்டுமல்ல. சுரங்கத்தில் இறங்கியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைப்போம். அடுத்த படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த வேலை நம்முடையது.

ஜெய்பீம்.