ஆடவல்லான் என்னும் மரக்கால்

காவிரியன்னை வளஞ்சுரக்கும் சோழ நன்னாட்டில் நெல்லே செல்வம். அந்நெல்லை முகந்தளக்க நம் முன்னோர் கொண்ட கருவிகளுள் தலைசிறந்தது மரக்கால். மரத்தால் இயன்ற அளவை என்பதனை அதன் பெயரே உணர்த்தும்.

முகத்தலளவைப் பெயர்கள் பலவும் வீட்டுக் கொள்கலங்களினின்றே தோன்றின. அளவைப் பெயர்களுக்கு முதலாகும் எழுத்துக்கள் ஒன்பது எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். உரையாசிரியர்கள் அவற்றிற்குக் கலம், சாடி, பானை, நாழி, உழக்கு முதலியவற்றை எடுத்துக்காட்டினர். கலம் என்பது பாண்டம். நாழி என்பது உட்டுளையுடைய பொருள். சமைத்த பானையும் சேமித்த சாடியுமே பின்னர் நாட்டின் கணக்காயின.

நான்கு உழக்கு ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. குறுணியே மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வாய்பாடு ஒன்றாயினும் மரக்கால் ஒன்றன்று. இராசகேசரி, அருமொழிதேவன் எனப் பல பெயர்களில் மரக்கால்கள் வழங்கியதைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. ஆதலின் 'எத்தனை கலம்?' என்பதோடு 'எந்த மரக்காலால்?' என்பதும் வினவத்தக்கதாயிற்று.

இவ்வினாவிற்குத் தஞ்சைப் பெரிய கோயில் விடை கூறுகின்றது. 1010ஆம் ஆண்டில் அக்கோயிலின் விமான உச்சியில் வைக்கப் பொற்றகடு போர்த்த செப்புக்குடம் அளித்த முதலாம் இராசராசன், தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கு ஆளுக்கு ஒரு பங்காக, ஆண்டுதோறும் நூறு கலம் நெல் நிவந்தம் வகுத்தான். அந்நெல், இராசகேசரியோடு ஒக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்படல் வேண்டும் எனக் கல்லிற் பொறிப்பித்தான். இராசகேசரி சோழ மன்னர் பூண்ட பட்டப்பெயர். ஆடவல்லானோ கூத்தப்பெருமானின் திருநாமம்.

அன்பர்களே! இங்கு 'ஒக்கும்' என்னும் சொல்லைச் சிறிது எண்ணிப் பார்மின். மரக்காலில் ஓர் உழக்குக் குறையுமாயின் கலத்திற்கு மூன்று நாழி குறையும். நூறு கலத்திற்கு முந்நூறு நாழி குறையும். நானூற்றுவர் பங்கிலும் சேர்ந்து குறைவது ஆண்டொன்றுக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது கலம்! கண்ணுக்குப் புலனாகா அச்சிறு குறை, கொடுத்தவன் அறத்தையும் பெறுவோர் வயிற்றையும் ஒருங்கே கெடுக்கும். அரசன் அளவும் ஆண்டவன் அளவும் ஒன்றே என நிறுவி, அக்குறை நேராவண்ணம் காத்தனன் வேந்தன். இறைவன் திருநாமம் தாங்கிய மரக்காலைக் குறைத்தளக்க எவர் கை துணியும்?

சுவாமிமலைக்கு அணித்தான திருஆதனூரில், ஆண்டளக்கும் ஐயன் மரக்காலைத் தலைக்கு வைத்துப் பள்ளிகொண்டருள்கின்றான். 'நமக்குப் படியளக்கும் பெருமான்' என்று எளிய மக்கள் நாளும் கூறும் மொழிக்கு அத்திருக்கோலமே விளக்கமாகின்றது.

1956ஆம் ஆண்டின் சட்டத்தை அடுத்து மெட்ரிக் அளவைகள் நாடெங்கும் பரவின. மரக்காலும் கலமும் வாணிகத்தினின்று நீங்கின. ஆயினும் அவற்றின் அறம் நீங்கவில்லை. குடமுழுக்குக் காணும் திருக்கோயில்களுக்கு நாம் ஈயும் பொருள் சிறிதாயினும் பெரிதாயினும், ஈவதும் காப்பதும் செலவிடுவதும் ஆடவல்லான் மரக்காலால் அளந்தாற்போல் நிறைவுற்றிருத்தல் வேண்டும். அதுவே மெய்யான திருப்பணி.

திருவருள் பொலிக!